வீட்டுக் கணிப்பொறியும் ஓர் அறவினாவும்

வீட்டிற்கு ஒரு பொருளை வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், தரத்தைப் பார்க்கிறோம், அண்டை வீட்டார் எதை வைத்திருக்கின்றனர் என்பதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறோம். அறம் அங்கே நுழைவதாக நாம் எண்ணுவதில்லை. ஆட்டுக்கல்லை ஓரமாய் உருட்டிவிட்டு மின்னரைவையை வாங்கிய நாளில் எவரும் மனச்சான்றைக் கலந்துகொண்டு கடைக்குச் சென்றதாகத் தெரியவில்லை. ஆயின் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸை வைத்துக்கொள்வதா, லினக்ஸை வைத்துக்கொள்வதா என்னும் வினா அத்தகையதன்று. வசதி பற்றிய வினாவாகத் தொடங்கும் அது, சற்றே ஊன்றி நோக்கின், உடைமை என்பது யாது, கொடை என்பது யாது, பிறர் உழைப்புக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்னும் பழைய வினாக்களின்முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. இலக்கிய மலரொன்றில் இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். இந்தியச் சட்டம் கணிப்பொறிச் செய்நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையிலேயே அடக்கியிருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைப்போம்.

இவ்வினாவைப் பல இல்லங்களின் வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு குறிப்பிட்ட நாள். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. மேலும் ஓராண்டுத் தவணை வேண்டுவோர் தனியே பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு சலுகையும் அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு மாறலாமே எனின், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கிறது. இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. ஆகவே 2016இலும் 2017இலும் நல்ல விலை கொடுத்து வாங்கிய கணிப்பொறிகள் பலவற்றுக்கு அவ்வழி அடைபட்டது. அவற்றின் திரை ஒளிர்கிறது, விசைகள் அழுந்துகின்றன, பிள்ளை எழுதிய பள்ளிக் கட்டுரையும் பாட்டியின் சதாபிஷேகப் படங்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. எனினும் அவற்றுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் இல்லாத அறையில் நகைப்பெட்டியைத் திறந்து வைப்பது போன்றது.

பழுதாகாத பொருளைப் பழையது என்று அறிவிக்கும் உரிமை யாருக்கு உரியது? நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தாண்டுக் காலம் தனிக் கட்டணம் பெறாமல் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்ததைச் சிறு செயலென்று தள்ள நம் மனம் ஒப்பவில்லை. எந்தத் தச்சனும் தான் செய்து கொடுத்த நாற்காலியைப் பத்தாண்டு வந்து வந்து முடுக்கித் தருவதில்லை. ஆயின் தச்சன் நின்றுவிட்டால் வேறொரு தச்சனை அழைக்கலாம். விண்டோஸுக்கு அவ்வாறு அழைக்க இயலாது. அதன் மூலநிரல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. நாம் படிக்காமலே இசைவு தெரிவிக்கும் அந்நீண்ட உரிம ஒப்பந்தம், மென்பொருள் நமக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமையே வழங்கப்படுகிறது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. விலைக்கு வாங்கினோம் என்று நாம் கருதியது உண்மையில் குடிக்கூலிக்கு எடுத்ததற்கு அருகில் நிற்கிறது. குடிக்கூலிக்கு இருப்பது இழிவன்று. தன்னைச் சொந்த வீட்டுக்காரன் என்று எண்ணிக்கொண்டு குடிக்கூலிக்கு இருப்பதுதான் பின்னர் மனத்தாங்கலுக்கு இடமாகிறது.

இனி, மற்றொரு பக்கம் எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். இதில் அறவினா கதையாகவே அமைந்துகிடக்கிறது. 1976 பிப்ரவரியில் இருபது வயது இளைஞர் ஒருவர், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்காகத் தாமும் தோழர்களும் உருவாக்கிய பேசிக் மொழியைப் பெரும்பாலோர் விலை கொடாது படியெடுத்துக்கொள்கின்றனர். வன்பொருளுக்குப் பணம் தருவோர் மென்பொருளுக்குத் தர மறுக்கின்றனர். இவ்வாறாயின் கூலியின்றி எவர் நல்ல மென்பொருளை எழுதுவர் என்பது அக்கடிதத்தின் சாரம். எழுதியவர் பில் கேட்ஸ். பலர் அவரைச் சினந்தனர். ஆயினும் அவ்வினா நேர்மையான வினா என்றே நாம் கருதுகிறோம். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதில் அறத்துக்கு மாறானது எதுவுமில்லை.

ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் கணிப்பொறியில் இருப்போர்க்கு அறிவிக்கும் ஏற்பாட்டைப் பழைய அச்சுப்பொறிக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் தாமே எழுதிச் சேர்த்திருந்தார். புதியதற்கும் அவ்வாறு செய்ய எண்ணினார், மூலநிரல் இல்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் நேரில் சென்று கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று கையொப்பமிட்டுவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சிக்கியது வெறும் தாள்தான். ஆனால் அண்டை வீட்டானுக்கு உதவமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்களித்துவிட்ட மனிதன் ஒருவனை அன்று அவர் கண்டார். 1983இல் குனூ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார்; 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பிறர்க்குத் தரவும், மாற்றியதையும் தரவும் எல்லார்க்கும் உரிமை உண்டு. பெற்றவன் அவ்வுரிமையை அடுத்தவனுக்கு மறுத்தல் கூடாது என்பது 1989இல் அவர் வகுத்த பொது உரிமத்தின் உயிர்நாடி.

பின்னர் 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரில் இருபத்தொரு வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது பெரிதாக வளரப்போவதில்லை என்றும் நண்பர்களுக்கு அறிவித்தார். 1992இல் தமது உட்கருவை ஸ்டால்மனின் பொது உரிமத்தின்கீழ் வைத்தார். பெரிதாக வளராது என்று அவர் கூறிய அது, இன்று உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகள் அனைத்திலும் ஓடுகிறது. நம் சட்டைப்பைகளில் உள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிகளின் உள்ளேயும் இருக்கிறது. கூலியின்றி எவர் எழுதுவர் என்று இருபது வயது இளைஞர் விடுத்த வினாவுக்கு, பதினைந்து ஆண்டுகள் கழித்து இருபத்தொரு வயது இளைஞர் தாம் அறியாமலே விடை கூறத் தொடங்கினார் எனலாம்.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதாகத்தான் நாம் பேசுகிறோம். உண்மையில் நம் நாட்டு இல்லங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது மூன்றாவது வழி. தலைநகர் தில்லியின் நேரு பிளேஸ் வளாகத்தை அறியாத கணிப்பொறி ஆர்வலர் இலர். 1990களிலும் அதனை அடுத்த பத்தாண்டிலும் அங்கு உரிமமற்ற மென்பொருள் அடங்கிய குறுந்தகடுகள் நடைபாதையிலேயே கூவி விற்கப்பட்டன. கணிப்பொறியைக் கூட்டித் தரும் கடைக்காரர், கேளாமலே அதில் விண்டோஸையும் ஏற்றித் தருவார். விலைச் சீட்டில் அது இராது. நாமும் கேட்பதில்லை. பூக்கடையில் கொசுறு பெறுவதுபோல் அதனைப் பெற்றோம். கோயிலுக்குச் செல்லும்போது பிறர் செருப்பை மிதிக்கவும் அஞ்சும் நல்லோர் இல்லங்களிலும் இதுவே வழக்கமாயிற்று.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களுள் இரண்டை எளிதில் ஒதுக்கிவிடலாம். விலை மிகுதி என்பது ஒன்று. நிறுவனம் பெருஞ்செல்வம் உடையது என்பது மற்றொன்று. விலை மிகுதியான பட்டுப்புடவையைச் செல்வர் கடையிலிருந்து எடுத்துவர எவரும் துணிவதில்லை. ஆனால் மூன்றாவது சமாதானம் ஆழமானது; அதற்கு மதிப்பளித்தே விடைகூற வேண்டும். புடவையை எடுத்தால் கடையில் ஒரு புடவை குறைகிறது. செய்நிரலைப் படியெடுத்தால் எதுவும் குறைவதில்லையே, அறிவைப் படியெடுப்பது எப்படித் திருட்டாகும் என்பது அது. தமிழராகிய நமக்கு இவ்வாதம் நெஞ்சைத் தொடக்கூடியது. நம் பழைய நூல்கள் இன்று நம்மிடம் இருப்பதே தலைமுறை தலைமுறையாக ஏட்டைப் பெயர்த்தெழுதியோர் கைவண்ணத்தால்தான். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். ஏட்டைக் காட்டாது பூட்டி வைத்த வீடுகளில் சுவடிகள் செல்லுக்கு இரையாயின. ஆகவே படியெடுத்தலே அறம், பூட்டுதலே குற்றம் என்று ஒருவர் வாதிட்டால், அவரைக் கள்வர் என்று சொல்லி வாயை அடைத்துவிட முடியாது.

ஆனால் அவரிடம் கேட்க ஒன்று உண்டு. அறிவு பகிர்தற்குரியது என்பது உம் கொள்கையாயின், அக்கொள்கையின்மேலேயே கட்டி எழுப்பிய பொருள் ஒன்று, எடுத்துக்கொள்க என்று திறந்து வைக்கப்பட்டிருக்கிறதே, அதனை விட்டுவிட்டுப் பூட்டிய பொருளின் பூட்டை உடைப்பானேன்? பகிர்வோரின் கொடையை மறுத்து, பகிர மறுப்போரின் பொருளைக் கவர்பவர், பகிர்தல் என்னும் கொள்கைக்காக அதைச் செய்யவில்லை. பழக்கத்துக்காகச் செய்கிறார். இதில் மற்றொரு முரணும் உண்டு. 1998இல் ஒரு பல்கலைக்கழக உரையாடலில், சீன மக்கள் மென்பொருளுக்குப் பணம் தருவதில்லை என்ற பேச்சு வந்தபோது, களவாடுவதானால் எங்களுடையதையே களவாடட்டும், அதற்குப் பழகிவிடுவர், பின்னர் வசூலிக்கும் வழியைக் கண்டுகொள்வோம் என்னும் கருத்துப்படப் பேசினார் பில் கேட்ஸ். நடைபாதைக் குறுந்தகட்டை வாங்கியவர் பெருநிறுவனத்தை ஏய்த்துவிட்டதாக மகிழ்ந்தார். உண்மையில் அதற்குக் கூலியில்லா விளம்பரக்காரராக இருந்தார்.

சட்டம் இதில் என்ன கூறுகிறது என்பதையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். பிற்காலத் திருத்தங்களைப் பெற்ற 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், செய்நிரலையும் கவிதையையும் நாவலையும் ஒரே இலக்கிய வகையில் வைத்துக் காக்கிறது. உரிமமற்ற படி என்று அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. வருவாய்க்கோ வாணிகத்துக்கோ அன்றிப் பயன்படுத்தியவராயின் சிறையின்றித் தண்டம் மட்டும் விதிக்க இடமுண்டு. வீட்டுக்குள் எவரும் வந்து சோதிப்பதில்லை. அதனால்தான் இது சட்ட வினாவாக இல்லாமல் அறவினாவாக எஞ்சி நிற்கிறது.

இவ்வளவும் கூறியதால் நாம் லினக்ஸ் அன்பர்களின் பேரவையில் இடம் கேட்பதாக எவரும் கருதிவிட வேண்டா. அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. வீட்டுக் கணிப்பொறி ஒருவருடையது அன்று. அதில் மகன் படிக்கிறான்; மருமகள் அலுவலகக் கோப்புகளைத் திறக்கிறாள்; தம் எழுபதாவது வயதில் எலியைப் பிடிக்கப் பழகிய தாயார், திரையின் இடப்பக்க மூலையில் எதை அழுத்தினால் பேத்தியின் முகம் தெரியும் என்பதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். விடுதலையின்மேல் பற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் ஓர் இரவில் இவையனைத்தையும் துடைத்துவிட்டு லினக்ஸை நிறுவி, மறுநாள் காலை வீட்டாரிடம் இனி நீங்கள் உரிமை பெற்றீர்கள் என்று கூறினால், அதனை என்னவென்று சொல்வது? கேளாமல் கொடுக்கப்பட்ட விடுதலையும் ஓர் ஆணைதான். அதன் செலவை ஏற்பவர் தாயார். புகழை அடைபவர் மகன்.

அச்செலவு கற்பனையும் அன்று. கடைக்கணக்கு எழுதும் வீடுகளில் டாலி இன்றியமையாதது. அது விண்டோஸுக்காக ஆக்கப்பட்டது. போட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. பழைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் கொண்டு கோத்த சங்க மலர்களின் பக்கங்களைத் திறக்க வேண்டியவர்க்கும் விண்டோஸே கதி. சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு உடனே பேசுகின்றன. சில முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பணம் கேளாத பொருள் நேரம் கேட்கும். அந்நேரத்தை யார் தருவது என்பதை முன்னரே தெளிவாக்கிக்கொள்ளாத இல்லங்களில் லினக்ஸ் இரண்டு திங்களில் வெளியேற்றப்படுவதைக் கண்டிருக்கிறோம்.

தூய்மை பற்றிய பேச்சையும் சற்று அடக்கிக்கொள்வது நலம். லினக்ஸ் உட்கருவில் இன்று நடைபெறும் பணியின் பெரும்பகுதி, பெருநிறுவனங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்களால் செய்யப்படுவது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வருணித்தார் அன்றைய மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். 2016இல் அந்நிறுவனமே லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராயிற்று. ஆண்ட்ராய்டின் உள்ளே லினக்ஸ் இருக்கிறது. அதனால் நம் தொலைபேசி நம் சொற்படி நடப்பதாக எவரும் சொல்லமாட்டார். லினக்ஸை நிறுவிவிட்டு, கடிதம், படம், நாட்குறிப்பு அனைத்தையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் தொலைதூரக் கிடங்கிலேயே வைப்போமாயின், வாயிலை மாற்றினோமேயன்றி வீட்டை மாற்றவில்லை.

அவ்வாறாயின் அந்த நேரக் கடனை ஒரு சமுதாயமே சேர்ந்து தீர்க்க முடியுமா? அண்டை மாநிலமாகிய கேரளம் அதற்குச் சான்று காட்டுகிறது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் அரசுத் திட்டமும் பிறந்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டது. 2017இல் கைட் என்னும் நிறுவனமாக அத்திட்டம் உருமாறிய பின்னரும் பள்ளிகளுக்கெனத் தனி லினக்ஸ் பதிப்பு உருவாக்கப்பட்டு வருகிறது. அங்கு வென்றது மென்பொருள் மட்டுமன்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தனர். பயிற்சி பெற்றோர் பிறர்க்குக் கற்பித்தனர். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஆள் இருந்தார். அத்துணை உறுதி எங்கும் நிலைப்பதில்லை என்பதும் உண்மை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்தாண்டு முயன்று சுமார் 15,000 கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது.

நம் மொழியைக் கொண்டு நோக்கினால் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இன்னும் துலங்கும். 2000ஆம் ஆண்டின் விண்டோஸிலேயே யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் வந்துவிட்டன. அந்நன்றியை மறத்தல் ஆகாது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இரண்டிலும் பயன்படுத்தலாம். ஆனால் திரையில் தோன்றும் ஒரு கட்டளைச் சொல் பிழையாகவோ நகைப்புக்கு இடமாகவோ மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், விண்டோஸில் நாம் செய்யக்கூடியது மனு அனுப்பிக் காத்திருத்தல். லினக்ஸ் சூழலில் தொண்டர்கள் கூடித் தமிழாக்கம் செய்கின்றனர்; ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்கூட அச்சொல்லைத் திருத்தித் தரலாம். ஏற்கப்பட்டால் அடுத்த பதிப்பில் உலகெங்கும் தமிழர் திரைகளில் அது தோன்றும். அவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டுவதில்லை. சங்கங்களில் கலைச்சொல் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம் இவ்வாயிலில் கூட்டமாக நிற்காதது ஏன் என்பது நமக்குப் புரியவில்லை.

ஆகவே நம் முடிவு யாதெனின், கணக்கு, அலுவலகம், அச்சு ஆகிய கடமைகளால் கட்டுண்ட வீடு விண்டோஸை விலை கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. எழுதுதல், படித்தல், பாட்டுக் கேட்டல், உறவினரோடு உரையாடல் ஆகியவற்றோடு நிற்கும் வீடு, நாள் குறிக்கப்பட்ட பழைய கணிப்பொறியைக் குப்பைக்கு அனுப்புமுன் லினக்ஸை நினைக்கட்டும். லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்கு 4 ஜிபி நினைவகம் போதுமானது. வட்டில் எதையும் மாற்றாமல் விரலளவுச் சேமிப்பி ஒன்றிலிருந்தே இயக்கிப் பார்க்க இடமிருப்பதால், முதலில் வீட்டார் அனைவரையும், குறிப்பாகத் தாயாரை, ஒரு வாரம் தொட்டுப் பார்க்கச் செய்து அவர் கருத்தைக் கேட்கலாம். அவர் வேண்டா என்றால் அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு. உரிமமற்ற படிக்கு மட்டும் இன்று நாம் இடம் காணவில்லை.

எஞ்சியிருப்பது ஒன்று. புதியது வந்ததும் பழைய கணிப்பொறியை வீட்டுவேலை செய்யும் அம்மையாரின் மகளுக்குக் கொடுத்துவிடுவது நகரங்களில் பரவியுள்ள நல்வழக்கம். எதை ஏற்றிக் கொடுப்பது? உரிமமற்ற படியை ஏற்றினால், நம் வீட்டில் வைத்துக்கொள்ள நாணியதைப் பிறர்க்குத் தருமம் என்று தருகிறோம். திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 10ஐ அப்படியே கொடுத்தால், தாழ்ப்பாள் இல்லாத கதவை அச்சிறுமிக்குத் தருகிறோம். அதன் வழியே முதலில் போகக்கூடியது அவள் தாயின் வங்கிக் கணக்கில் உள்ள சிறு தொகை. லினக்ஸை ஏற்றினால், தெருமுனைக் கடைக்காரர் இது எனக்குத் தெரியாதம்மா என்று கைவிரிக்கக்கூடும். பள்ளியில் அவள் காணும் திரை வேறாக இருக்கவும் கூடும். இம்மூன்றில் மூன்றாவதையே கொடுப்போம். ஆனால் முதல் ஆறு மாதமேனும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவளருகில் அமர்ந்து, கோப்பை எங்கே சேமிப்பது, தமிழில் எவ்வாறு தட்டுவது, அச்சுப்பொறி முரண்டினால் என்ன செய்வது என்று காட்டித்தர நம் வீட்டில் ஒருவர் ஒப்புக்கொண்ட பின்னரே அதைக் கொடுப்போம்.